அத்தியாயம் 6: அந்நியர் மெயிலை அனுப்பாத சர்வர்

சென்ற அத்தியாயத்தின் முடிவில் உங்கள் டொமைனுக்கு மெயில் வரவும் போகவும் ஆரம்பித்திருக்கும். அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் இந்த அத்தியாயத்தை முடித்துவிடுங்கள். 25ஆம் எண் போர்ட்டை இணையத்துக்குத் திறந்த நாளிலிருந்தே முன்பின் தெரியாத இயந்திரங்கள் அதைத் தட்டிப் பார்க்கும். லாக் கோப்பைத் திறந்தால் வரிவரியாகத் தெரியும். தங்கள் மெயிலை உங்கள் பெயரில் அனுப்பிவைக்க இந்தச் சர்வர் சம்மதிக்குமா என்றுதான் அவை பார்க்கின்றன.

சம்மதிக்கும் சர்வருக்கு ஓப்பன் ரிலே என்று பெயர். அனுப்புகிறவரும் உங்கள் ஆள் அல்ல, பெறுகிறவரும் உங்கள் ஆள் அல்ல; ஆனாலும் நடுவில் நின்று மெயிலை வாங்கி அனுப்பிக் கொடுக்கிறது. கடையின் லெட்டர்ஹெட்டையும் ரப்பர் முத்திரையையும் திண்ணையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும் இதுவும் ஒன்று.

திருவட்டாற்றில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோட்டயத்து ரப்பர் வாரியம் அறிவிக்கும் ஆர்எஸ்எஸ் 4 தர ஷீட் விலையைப் பார்த்துவிட்டு வெளியூர் கம்பெனிகளுக்குக் கொட்டேஷன் மெயிலில் போகும். முந்தைய இரவு அந்தச் சர்வர் வழியாக ஆயிரக்கணக்கில் ஸ்பேம் போயிருந்தால், காலையில் அனுப்பிய கொட்டேஷன் திரும்பி வரும். இல்லையென்றால் எதிராளியின் ஸ்பேம் ஃபோல்டரில் விழும். திரும்பி வந்தாலாவது விஷயம் தெரியும். ஸ்பேம் ஃபோல்டரில் விழுந்தால், விலை ஒத்துவரவில்லை போலும் என்று கடைக்காரர் சும்மா இருந்துவிடுவார்.

கோட்பாடு இவ்வளவு போதும். வரலாற்றில் ஒரே ஒரு செய்தியை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஜான் போஸ்டல் 1982இல் மெயிலுக்கான விதிமுறையை எழுதியபோது, யார் மெயிலையும் வாங்கி அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுவது சர்வர்களுக்குள் இருந்த மரியாதை. அந்த மரியாதையை ஸ்பேம்காரர்கள் தின்று தீர்த்தார்கள். 1998இல் வந்த சென்ட்மெயில் 8.9 என்ற மெயில் சர்வர் நிரல், ரிலேயை நிறுவும்போதே அடைத்துவைத்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2505 என்ற இணைய ஆவணம் அதையே எல்லா மெயில் சர்வர்களுக்கும் பரிந்துரையாக எழுதியது. ஆகவே இன்று நீங்கள் நிறுவும் போஸ்ட்ஃபிக்ஸ் அடைத்த நிலையில்தான் வருகிறது. அதைத் திறப்பது நாம்தான். ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்று எங்கிருந்தோ ஒரு வரியை எடுத்து ஒட்டும்போது திறந்துவிடுகிறோம்.

தொடங்குமுன்

சர்வர் எங்கே இருக்கிறது? கடையின் மூலையில், ஃபைபர் இணைப்பில் இருந்தால் இந்த அத்தியாயத்தை நிறுத்திவிட்டு முதலில் ஒரு வாடகை சர்வர் எடுங்கள். வீட்டுக்கும் கடைக்கும் கொடுக்கும் சாதாரண இணைப்பில் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும். பல சமயம் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வார்கள். அத்தகைய முகவரிகளிலிருந்து நேராக வரும் மெயிலைப் பெரிய மெயில் நிறுவனங்கள் பெரும்பாலும் வாங்குவதில்லை. மலையடிவாரத்து இடிமின்னல் காலத்தில் மோடம் போகும் கதை தனி.

முழுத் தொகுப்பையும் நகல் எடுங்கள். ‘போஸ்ட்ஃபிக்ஸ்’ என்ற ஃபோல்டரை அப்படியே இன்றைய தேதி போட்டு வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எஸ்எஸ்எச் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஃபயர்வால் விதியைத் தப்பாகப் போட்டு உங்களையே வெளியே தள்ளிக்கொண்டால், இன்னொரு ஜன்னல் காப்பாற்றும். வேலை நடுவில் மின்சாரம் போனால் தொங்கலில் நிற்காமல் இருக்க டிமக்ஸுக்குள் வேலை செய்யுங்கள்.

கட்டளைகளைப் படிக்கும் முறை: இந்நூலில் அவற்றைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். நீங்கள் தட்டுவது ஆங்கிலச் சிறிய எழுத்தில். சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும் இடத்தில் அடிக்கோடு, இடைவெளி வரும் இடத்தில் இடைவெளி. ‘எஸ்எம்டிபி’ என்று தொடங்கும் பெயர்களைக் கூர்ந்து பாருங்கள். கடைசியில் ஒரு ‘டி’ ஒட்டி ‘எஸ்எம்டிபிடி’ என்று வந்தால் அது உள்ளே வரும் மெயிலைக் கவனிக்கும் நிரலுக்கான அமைப்பு. அந்த ‘டி’ இல்லாவிட்டால் வெளியே அனுப்பும் நிரலுக்கானது. இந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டு, பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

படி 1: இப்போதைய நிலையைப் பாருங்கள்

1. ‘போஸ்ட்கான்ஃப் -என்’ என்று தட்டுங்கள். அமைப்புக் கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டவை மட்டும் பட்டியலாக வரும். அதை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள்.

2. ‘போஸ்ட்கான்ஃப் மைநெட்வொர்க்ஸ்’ என்று தட்டி வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதையே ‘மைடெஸ்டினேஷன்’, ‘ரிலே_டொமைன்ஸ்’ இரண்டுக்கும் செய்யுங்கள்.

3. ‘மெயின்.சிஎஃப்’ கோப்பைத் திறந்து, வரியின் தொடக்கத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் இடைவெளியோடு தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சி. ஒரு விதிக்கு முன்னால் தெரியாமல் ஸ்பேஸ் தட்டிவிட்டால் அந்த விதி காணாமல் போகும், பிழைச் செய்தியும் வராமல் போகலாம்.

4. ஒரே பெயர் இரண்டு இடத்தில் வருகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக வருவதுதான் செல்லும். மேலே ஒழுங்காக எழுதியிருப்பீர்கள். கீழே எப்போதோ ஒட்டிய வரி அதை அழித்திருக்கும்.

படி 2: நம்பும் முகவரிகளைக் குறையுங்கள்

‘மைநெட்வொர்க்ஸ்’ பட்டியலில் இருக்கும் முகவரியிலிருந்து வருபவர் பாஸ்வேர்டு கொடுக்காமலே உலகம் முழுவதற்கும் மெயில் அனுப்பலாம். இந்த அத்தியாயத்திலேயே மிக ஆபத்தான வரி இது. பெரும்பாலான சிறு அலுவலகங்களுக்கு இவ்வளவு போதும்:

மைநெட்வொர்க்ஸ் = 127.0.0.0/8 [::1]/128

சர்வர் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரிகள் இவை. வேறெதுவும் தேவையில்லை.

இங்கே நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

பட்டியலில் 0.0.0.0/0 என்று போடுவது முதல் தவறு. ‘எல்லா முகவரியும்’ என்று அதற்குப் பொருள். பில்லிங் சாஃப்ட்வேர் மெயில் அனுப்ப மறுக்கும்போது, சும்மா ஒரு சோதனைக்கு என்று போட்டுப் பார்ப்பார்கள். மெயில் போய்விடும். வேலை முடிந்தது என்று அப்படியே விட்டுவிடுவார்கள்.

அடுத்தது, கடையின் ஐபி முகவரியைப் பட்டியலில் சேர்ப்பது. நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த முகவரி உங்களுடையது அல்ல. நாளை வேறொருவருக்குப் போகும். பகிர்வு முகவரி என்றால் இன்றைக்கே குலசேகரத்திலும் வேர்க்கிளம்பியிலும் இருக்கும் முகம் தெரியாத வாடிக்கையாளர்களுக்கும் அதே முகவரி இருக்கக்கூடும். அவர்களில் ஒருவருடைய கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தால் போதும்.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாது. பழைய அமைப்பில் ‘மைநெட்வொர்க்ஸ்_ஸ்டைல்’ என்பது ‘சப்நெட்’ என்று இருக்கும். உங்கள் சர்வர் இருக்கும் அதே வரிசையிலுள்ள எல்லா முகவரிகளையும் அது நம்பும். வாடகை சர்வரில் அந்த வரிசை முழுக்க மற்ற வாடகைக்காரர்கள். போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல் இதன் இயல்பிருப்பு ‘ஹோஸ்ட்’ என்று மாறிவிட்டது. ஆனாலும் பழைய கோப்பைப் புதிய சர்வருக்கு நகலெடுத்தவர்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

நான்காவது, டாக்கரில் மெயில் சர்வரை ஓட்டுபவர்களுக்கு. அமைப்பைப் பொறுத்து, ஐபிவி6 வழியாக வெளியிலிருந்து வருபவர்கூட டாக்கரின் உள்முகவரியான 172.17.0.1இலிருந்து வருவதுபோல் போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியலாம். அந்த உள்முகவரி நம்பிக்கைப் பட்டியலில் இருந்தால் உலகமே உங்கள் ஆள்தான். இதில் இன்னொரு வினை: டாக்கர் வெளியிடும் போர்ட்டை யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுக்காது. அடைத்துவிட்டோம் என்று ஃபயர்வால் சொல்லும். போர்ட் திறந்தே இருக்கும். முதல்முறை சர்வர் வைப்பவர் டாக்கர் இல்லாமல் நேராக நிறுவுவதே நல்லது.

ஜெராக்ஸ் மிஷின், ஸ்கேனர், சிசிடிவி பெட்டி: ‘ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பு’ என்ற வசதிக்காகத்தான் பலர் சர்வரைத் திறக்கிறார்கள். அதற்குத் தனியாக ஒரு மெயில் கணக்கும் தனிப் பாஸ்வேர்டும் கொடுத்து 587ஆம் போர்ட் வழியாக அனுப்பச் செய்யுங்கள். மிஷின் பழையது, டிஎல்எஸ் தெரியாது என்றால் பென் டிரைவில் ஸ்கேன் எடுங்கள். ஒரு மிஷினுக்காகச் சர்வரைத் திறக்க வேண்டாம்.

படி 3: ரிலே விதியை எழுதுங்கள்

‘மெயின்.சிஎஃப்’ கோப்பில் இந்த ஒரு வரி:

எஸ்எம்டிபிடி_ரிலே_ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் = பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ், பெர்மிட்_எஸ்ஏஎஸ்எல்_ஆதென்டிகேட்டட், ரிஜெக்ட்_அன்ஆத்_டெஸ்டினேஷன்

இடமிருந்து வலமாகப் படியுங்கள். நம்பும் முகவரியா, அனுமதி. பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்தவரா, அனுமதி. இரண்டும் இல்லை, மெயிலும் என் டொமைனுக்கு வரவில்லை என்றால் மறுப்பு. போஸ்ட்ஃபிக்ஸ் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வரும். பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும். ஆகவே மூன்றாவது விதிக்கு முன்னால் நீங்கள் எதைச் செருகினாலும் அது ரிலேக்கான அனுமதிச் சீட்டு ஆகிவிடலாம்.

குறிப்பாக ஒரு செருகல். ‘எங்கள் டொமைன் பெயரில் வரும் மெயிலை அனுமதி’ என்று அனுப்புநர் முகவரியை வைத்து ஒரு விதி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் தட்டலாம். உங்கள் டொமைன் பெயரைப் போட்டுக்கொண்டு வருபவர்கள் எல்லோரையும் அந்த விதி உள்ளே விட்டுவிடும்.

இந்த அமைப்பு போஸ்ட்ஃபிக்ஸ் 2.10இல்தான் தனியாகப் பிரிந்தது. அதற்கு முன்பு ஸ்பேம் தடுப்பு விதிகளும் ரிலே விதிகளும் ஒரே வரியில் கலந்து கிடந்தன. ஸ்பேம் விதியைத் திருத்தப் போய் ரிலேயைத் திறந்துகொண்ட கதைகள் அதனால்தான் அதிகம். பழைய புத்தகங்களிலும் குறிப்புகளிலும் காணும் நீண்ட ‘ரெசிபியன்ட்_ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ வரியை நகலெடுக்காதீர்கள்.

‘மைடெஸ்டினேஷன்’ வரியில் உங்கள் டொமைன் மட்டும் இருக்கட்டும். ‘ரிலே_டொமைன்ஸ்’ காலியாக இருக்கட்டும். முடித்ததும் ‘போஸ்ட்ஃபிக்ஸ் செக்’, பிறகு ‘போஸ்ட்ஃபிக்ஸ் ரிலோட்’.

படி 4: ஊழியர்களுக்குத் தனி வாசல்

வெளி உலகத்துச் சர்வர்கள் உங்களுக்கு மெயில் கொண்டுவரும் வழி 25. உங்கள் ஊழியர்கள் மெயில் அனுப்பும் வழி 587 அல்லது 465. இரண்டையும் கலக்கக் கூடாது.

1. 25இல் பாஸ்வேர்டு கேட்கும் வசதியையே நிறுத்துங்கள்: எஸ்எம்டிபிடி_எஸ்ஏஎஸ்எல்_ஆத்_எனேபிள் = நோ. பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் இயந்திரங்கள் அதிகம் தட்டும் போர்ட்டில் ஊகிக்க ஒன்றுமே இல்லாமல் போகும்.

2. ‘மாஸ்டர்.சிஎஃப்’ கோப்பில் ‘சப்மிஷன்’ என்று தொடங்கும் பகுதியின் முன்னால் உள்ள ஹேஷ் குறிகளை எடுங்கள். அதன் கீழ் டிஎல்எஸ் கட்டாயம், ஆத் எனேபிள் யெஸ், பாஸ்வேர்டு இல்லாதவருக்கு ரிஜெக்ட் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இந்தக் கோப்பில் சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக் கூடாது. மெயின்.சிஎஃப்இல் விடலாம், இங்கே கூடாது.

3. ஒருவர் இன்னொருவர் பெயரில் அனுப்ப முடியாதபடி செய்யுங்கள். ‘எஸ்எம்டிபிடி_சென்டர்_லாகின்_மேப்ஸ்’ என்ற பட்டியலில் எந்தக் கணக்கு எந்த முகவரியிலிருந்து அனுப்பலாம் என்று எழுதி, அனுப்புநர் விதிகளில் ‘ரிஜெக்ட்_சென்டர்_லாகின்_மிஸ்மேட்ச்’ சேருங்கள். கணக்குப்பிள்ளையின் பாஸ்வேர்டு போனாலும் ‘மெயில் ஃப்ரம்’ வரியில் முதலாளி முகவரியைப் போட முடியாது.

படி 5: வெளியிலிருந்து சோதியுங்கள்

சர்வருக்குள்ளிருந்து சோதித்தால் ‘ரிலே ஆகிறது’ என்று வரலாம். 127இல் தொடங்கும் முகவரியை நாம்தானே நம்பச் சொன்னோம். ஆகவே சோதனை வெளியிலிருந்துதான். அதிலும் ஒரு சிக்கல்: பல இணைப்புகளில் 25ஆம் போர்ட் வெளியே போகாதபடி அடைக்கப்பட்டிருக்கும். உங்கள் லேப்டாப்பிலிருந்து இணைப்பே கிடைக்கவில்லை என்றால் சர்வர் பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். சோதனையே நடக்கவில்லை என்று கொள்ளுங்கள். வேறொரு வாடகை சர்வர் வைத்திருக்கும் நண்பரிடம் கேளுங்கள்.

1. ‘டெல்நெட்’, சர்வர் பெயர், 25. சர்வர் 220 என்று தொடங்கி வணக்கம் சொல்லும்.

2. ‘ஹெலோ’ என்று தட்டி, சோதிக்கும் இயந்திரத்தின் பெயர். 250 வரும்.

3. ‘மெயில் ஃப்ரம்:’ என்று தட்டி, உங்கள் டொமைன் அல்லாத ஒரு முகவரியைக் கூர் அடைப்புக்குள் எழுதுங்கள். இதற்கும் 250தான் வரும். பயப்பட வேண்டாம், போஸ்ட்ஃபிக்ஸ் தீர்ப்பை அடுத்த வரிக்குத் தள்ளிவைக்கும்.

4. ‘ஆர்சிபிடி டு:’ என்று தட்டி, உங்களுடைய சொந்த ஜிமெயில் முகவரி. 554 என்று தொடங்கி ரிலே மறுக்கப்பட்டதாக வந்தால் சரி. 454 வந்தாலும் ரிலே இல்லை. ‘பிறகு வா’ என்று சொல்கிறது, அவ்வளவுதான். 250 வந்தால் உங்கள் சர்வர் திறந்து கிடக்கிறது. அங்கேயே ‘குவிட்’ தட்டிவிட்டுப் படி 2க்குத் திரும்புங்கள்.

5. மூன்றாவது வரியை மாற்றி மாற்றி இதையே செய்யுங்கள்: அனுப்புநர் இடத்தில் காலி அடைப்பு, உங்கள் சொந்த டொமைன் முகவரி, ‘லோக்கல்ஹோஸ்ட்’ முகவரி. ஒவ்வொன்றுக்கும் 554 வர வேண்டும்.

6. பெறுநர் இடத்தில் பழைய தந்திரம் ஒன்று: வெளி முகவரியின் அட் குறியை எடுத்துவிட்டுச் சதவீதக் குறி போட்டு, கடைசியில் அட் குறியோடு உங்கள் டொமைனை ஒட்டுங்கள். இதையும் மறுக்க வேண்டும்.

7. எல்லாவற்றையும் ஐபிவி6 வழியாக மறுபடி செய்யுங்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை.

‘டேட்டா’ என்ற கட்டளை வரை போகத் தேவையில்லை. நான்காவது வரியிலேயே பதில் கிடைத்துவிடும். எச்சரிக்கை: உங்கள் சர்வரை மட்டும் சோதியுங்கள். மார்த்தாண்டத்து நண்பரின் சர்வர் என்றாலும் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதியில்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டரில் கைவைப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66ஆம் பிரிவுகளில் வரும்.

பூட்டிய பிறகும் ஸ்பேம் போகும் வழிகள்

மேலே சொன்ன ஐந்து படிகளும் சரியாக இருந்தும் உங்கள் சர்வரிலிருந்து ஸ்பேம் போகலாம். இன்றைக்கு அப்படித்தான் அதிகம் போகிறது.

திருடிய பாஸ்வேர்டு. கடைப்பெயரும் 123ம் சேர்ந்த பாஸ்வேர்டு, வேறொரு தளத்தில் கசிந்த அதே பாஸ்வேர்டு, போலி லாகின் பக்கத்தில் தட்டிக் கொடுத்த பாஸ்வேர்டு. சர்வர் பார்வையில் வருபவர் முறையான ஆள், விதிகள் வழிவிடும். இதற்கு மூன்று வேலைகள். 14 எழுத்துக்குக் குறையாத, நீங்களே உருவாக்கிக் கொடுக்கும் பாஸ்வேர்டு. தொடர்ந்து தப்பாகத் தட்டும் முகவரியைத் தடுக்க ஃபெயில்2பேன். மூன்றாவது, ஒவ்வொரு கணக்குக்கும் மணிக்கு இத்தனை மெயில் என்ற வரம்பு. போஸ்ட்ஃபிக்ஸிலேயே இருக்கும் வரம்பு ஐபி முகவரியைத்தான் எண்ணும். திருடர்கள் ஒரே பாஸ்வேர்டை நூறு முகவரிகளிலிருந்து பயன்படுத்துவார்கள். ஆகவே ஆர்ஸ்பேம்டி என்ற ஸ்பேம் வடிகட்டியில் கணக்குவாரியாக எண்ணும் ரேட்லிமிட் தேவை. ஷீட் கடைக்கு மணிக்கு 50 தாராளம். திருட்டு நடந்தாலும் ஆயிரக்கணக்கில் போக வேண்டியது மணிக்கு ஐம்பதோடு நிற்கும். ஸ்பேம் அனுப்பும் முகவரிகளின் கறுப்புப் பட்டியலில் சேரும் முன்பே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

வெப்சைட்டின் தொடர்புப் படிவம். அதே சர்வரில் வெப்சைட்டும் இருந்தால், படிவத்தின் வழியாக வரும் மெயில் சர்வருக்குள்ளேயே பிறக்கிறது. ரிலே விதி அதைப் பார்ப்பதே இல்லை. பெறுநர் முகவரியைப் படிவத்திலிருந்து எடுக்காமல் நிரலுக்குள் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ‘உங்கள் மெயில் கிடைத்தது’ என்று தானாகப் பதில் அனுப்பும் வசதியை நிறுத்துங்கள். யாருடைய முகவரியையாவது படிவத்தில் தட்டி, அவருக்கு உங்கள் சர்வரிலிருந்து மெயில் போகச் செய்வது அதனால்தான் சாத்தியமாகிறது.

இரண்டாவது எம்எக்ஸ். மின்சாரமோ சர்வரோ போனால் மெயில் தொலையுமே என்று மாற்றுச் சர்வர் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. சிறு அலுவலகத்துக்கு வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. அனுப்பும் சர்வர் குறைந்தது நான்கைந்து நாளாவது திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்று ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பிருப்பும் ஐந்து நாள். ஒரு நாள் சர்வர் படுத்தாலும் மெயில் காத்திருந்து வந்துசேரும். மாற்றுச் சர்வருக்கோ எந்தப் பெயர்கள் உண்மையில் இருக்கின்றன என்று தெரியாமல் போனால், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பிறகு ‘அப்படி யாரும் இல்லை’ என்று பதில் அனுப்பும். ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பொய் என்பதால் அந்தப் பதில் ஒரு அப்பாவிக்குப் போய்ச் சேரும். இதற்குப் பேக்ஸ்கேட்டர் என்று பெயர். இதற்கும் கறுப்புப் பட்டியல் உண்டு. இல்லாத பெயருக்கு வரும் மெயிலை வாசலிலேயே மறுப்பதுதான் சரி.

உள்ளே வரும் ஸ்பேமுக்கு

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். போஸ்ட்ஸ்கிரீனை இயக்குங்கள், தன் முறை வரும் முன் பேசத் தொடங்கும் அவசரக்கார இயந்திரங்களை அதுவே கழித்துவிடும். அதற்குப் பின்னால் ஆர்ஸ்பேம்டி.

கறுப்புப் பட்டியல் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். ஸ்பேம்ஹாஸ் பட்டியலைக் கேட்பதற்கு 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்தினால் விடை வராது, 127.255.255.254 என்ற மறுப்புக் குறியீடு வரும். அதை ‘பட்டியலில் இருக்கிறது’ என்று சர்வர் தப்பாகப் படித்தால் நல்ல மெயில் அனைத்தும் நிற்கும். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் நிரலை நிறுவி அதன் மூலம் கேளுங்கள். இரண்டாவது, மூடப்பட்ட பட்டியல்களைக் கோப்பில் விட்டுவைக்காதீர்கள். ஓப்பன் ரிலேகளைப் பட்டியலிட்டு வந்த ஓஆர்டிபி 2006 டிசம்பரில் மூடியது. அப்படியும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்த சர்வர்களுக்கு 2008 மார்ச்சில் ‘உலகில் எல்லா முகவரியும் பட்டியலில் உண்டு’ என்று பதில் வரத் தொடங்கியது. கோப்பைத் திருத்தாதவர்களுக்கு மெயிலே வரவில்லை. சார்ப்ஸ் பட்டியலும் 2024 ஜூனில் மூடிவிட்டது. பழைய குறிப்புகளில் அதன் பெயர் இன்னும் இருக்கும்.

கிரேலிஸ்டிங் வேண்டுமா? புதிதாக வரும் சர்வரைச் சில நிமிடம் கழித்து வரச் சொல்லும் முறை இது. ஸ்பேம் குறையும், ஆனால் ஜிஎஸ்டி தளமோ வங்கியோ அனுப்பும் ஓடிபியும் தாமதமாகி, வந்து சேரும்போது காலாவதியாகியிருக்கும். கடைக்கு ஒத்துவராது.

டிஎன்எஸ்ஸில் நான்கு பதிவுகள்

மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று பெறுபவருக்குக் காட்டும் பதிவுகள் இவை: பிடிஆர், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். பிடிஆரை வாடகை சர்வர் நிறுவனத்தின் பக்கத்தில் வைக்க வேண்டும். மற்ற மூன்றும் டொமைன் வாங்கிய இடத்தில். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் அனுப்புநர்களிடம் இவற்றைக் கறாராகக் கேட்கின்றன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். ஸ்பேம் என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது.

வரிசை முக்கியம். முதலில் பிடிஆர், பிறகு எஸ்பிஎஃப், அடுத்து 2048 பிட் சாவியோடு டிகிம். டிமார்க்கை முதலில் ‘நன்’ என்று வைத்து, சில வாரம் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு ‘குவாரன்டைன்’ ஆக்குங்கள். முதல் நாளே ‘ரிஜெக்ட்’ போட்டால் உங்கள் சொந்த பில்லிங் சாஃப்ட்வேரின் மெயிலே மறுக்கப்படலாம்.

இந்த நான்கும் ஓப்பன் ரிலேயைத் தடுக்காது என்பதை நினைவில் வையுங்கள். சர்வர் திறந்து கிடந்தால், உங்கள் டொமைன் பெயரில் போகும் ஸ்பேமுக்கும் ‘இது இவர்கள் சர்வரிலிருந்துதான் வந்தது’ என்று எஸ்பிஎஃப் சாட்சி சொல்லும்.

ஸ்பேம் போய்க்கொண்டிருப்பது தெரிந்தால்

‘மெயில்க்யூ’ என்று தட்டினால் வழக்கமாக நாலைந்து வரி வரும் இடத்தில் திரை நிற்காமல் ஓடுகிறது. பதறாமல் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. ‘போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்டாப்’. உங்களுக்கு வர வேண்டிய மெயில் தொலையாது. அனுப்புபவர்கள் மறுபடி முயல்வார்கள்.

2. லாக் கோப்புகளை வேறு கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். எதையும் அழிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

3. வரிசையில் நிற்கும் ஒரு ஸ்பேமின் எண்ணை எடுத்து லாகில் தேடுங்கள். ‘எஸ்ஏஎஸ்எல்_யூசர்நேம்’ என்று ஒரு கணக்கின் பெயர் வந்தால் பாஸ்வேர்டு திருட்டு. ‘பிக்கப்’ என்ற சொல்லோடு ‘யூஐடி=33’ என்று வந்தால் உபுண்டுவில் அது வெப்சைட்டின் கணக்கு; படிவத்தைப் பாருங்கள். இரண்டும் இல்லாமல் வெளி ஐபி முகவரி மட்டும் வந்தால் ரிலே திறந்திருக்கிறது.

4. காரணத்தைச் சரிசெய்யுங்கள். பாஸ்வேர்டு என்றால் மாற்றியதோடு, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் டவ்காட்டையும் மறுபடி தொடங்குங்கள். ஏற்கெனவே நுழைந்தவர் அதோடு வெளியேறுவார்.

5. வரிசையிலுள்ள ஸ்பேமை ‘போஸ்ட்சூப்பர் -டி’ கொண்டு நீக்குங்கள். ‘ஆல்’ என்று போட்டால் கடையின் கொட்டேஷனும் சேர்ந்து போகும். அனுப்புநரைப் பார்த்து எண்களைப் பொறுக்கி நீக்குங்கள்.

6. போஸ்ட்ஃபிக்ஸைத் தொடங்கி ஒரு மணி நேரம் லாகைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

7. கறுப்புப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கேட்பது கடைசி வேலை. காரணத்தைச் சரிசெய்யாமல் கேட்டு, மறுபடி சேர்ந்துவிட்டால் அடுத்த முறை நீக்குவது கடினமாகும்.

நம் நாட்டில் வேண்டாத மெயிலுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகள் எஸ்எம்எஸ்ஸுக்கும் அழைப்புக்கும்தான். ஆனால் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். அறிவிக்க வேண்டிய சம்பவங்களின் பட்டியலில் மெயில் சர்வர் மீதான தாக்குதல் பெயர் சொல்லியே இருக்கிறது. தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உபுண்டு இயல்பாக வைத்திருப்பது நான்கு வாரம்தான். லாக்ரொட்டேட் கோப்பில் ‘ரொட்டேட் 4’ என்பதை 26 ஆக்குங்கள். 182 நாள் ஆகிவிடும்.

சர்வரில் எந்த வரியை மாற்றினாலும், புதிய பதிப்புக்கு மேம்படுத்தினாலும், அன்றைக்கே 5ஆம் படியை வெளியிலிருந்து ஒருமுறை செய்துவிடுங்கள்.